முதலில் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள்

தோளில் 'டொக்' என்று சத்தம், உள்ளங்கையில் கொப்புளம், வலிப்பது இடது கை என்பதால் இதயமோ என்ற சந்தேகம், புரோட்டீன் பவுடர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில்தான் அப்பா டயாலிசிஸில் இருப்பதையும், கயிற்றுப் பட்டையில் தொங்கிச் செய்யும் பயிற்சியால் கிட்னி போய்விடும் என்று இணையத்தில் படித்ததையும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்குத் தெரியவேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. சிறுநீர் என்ன நிறம்? வழக்கமான மஞ்சள் என்றால், முதல் நாள் பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் முழங்கையை நீட்டமுடியாமல் வலிப்பது புதிதாகத் தொடங்குகிற பலருக்கும் வருவதுதான், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். பால் ஊற்றாத டிகாக்‌ஷன் போலக் கறுத்துப் போகிறதா, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள், இரவு இரண்டு மணியானாலும் சரி. நிறம் மாறாவிட்டாலும் கை வீங்கி இறுகிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, மூன்று நாளுக்கு மேலும் வலி ஏறிக்கொண்டே இருந்தாலோ அதே அவசரம்தான்.

காரணம் இது. அளவுக்கு மீறி உழைத்த தசை சிதைந்தால் அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது, அதுதான் அந்தக் கறுப்பு நிறம். கூடவே பொட்டாசியமும் கசிந்து ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். தசை சிதைவைக் காட்டும் சி.பி.கே. என்ற நொதி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் ரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். சி.பி.கே. சாதாரணமாக ஏறக்குறைய 200-க்குள் இருக்கும், தசை சிதைந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சத்தைத் தாண்டியும் போகும். ஆனால் நேரத்தோடு வந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லாமல் வீடு திரும்புகிறார்கள். தாமதம்தான் ஆபத்து.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு வரியைப் படித்துத்தான். மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கி நாளைக்கு மூன்று வேளை போடுகிறீர்களாம். கிட்னிக்குப் பயந்துகொண்டே கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிற மாத்திரையை விழுங்குவதா? அதுவும் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது! இன்றோடு நிறுத்துங்கள். வலி பொறுக்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

மேலே மாட்டிய பட்டையைப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றிச் சாய்ந்து உடலை இழுக்கும் இந்தப் பயிற்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது. டம்பெல் என்றால் கை ஓய்ந்ததும் கீழே வைத்துவிடுவோம். இதில் களைத்துப்போனால் காலை இரண்டடி பின்னால் வைத்து நிமிர்ந்து நின்றால் போதும், பாரம் குறையும், இன்னும் பத்து இழுக்கலாம், மறுபடி நகர்ந்து இன்னும் பத்து. இப்படித்தான் வீடியோவில் வந்த சவாலைப் பார்த்து முதல் நாளே இருநூறு தடவை இழுத்திருக்கிறீர்கள். அதிலும் தசையை அதிகம் காயப்படுத்துவது மேலே இழுக்கும்போது அல்ல, மெல்லக் கீழே இறங்கும்போது.

மற்றவற்றுக்கு வருகிறேன். வலி இல்லாத தோள் சத்தத்தை மறந்துவிடுங்கள். இடது கை என்றாலும், அழுத்தினாலோ மடக்கினாலோ கூடுகிற வலி பெரும்பாலும் தசை வலிதான். மார்பு இறுக்கமோ, வியர்வையோ, மூச்சுத்திணறலோ கூடவே வந்தால் அது வேறு கதை, இதயமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். புரோட்டீன் பவுடர் நல்ல சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, ஆனால் அப்பாவுக்கு இந்த நிலை இருப்பதால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

பயிற்சியை விடவேண்டியதில்லை, நல்ல பயிற்சிதான். இது வெறும் தசை வலிதான் என்றால், வலி முழுதாகப் போனபின், ஏறக்குறைய நின்ற நிலையில் எட்டு, பத்து தடவை, இரண்டே சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒருமுறை பழகிய தசை அடுத்தமுறை அதே வேலைக்கு இவ்வளவு வலிக்காது. காய்ச்சல் வந்து எழுந்த வாரத்தில் வேண்டாம், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் என்றால் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.