ஆடிட்டர் சிவப்பில் எழுதினால் எல்லாம் குறையா?

கேள்வி: எங்கள் அலுவலக மெயில் சர்வரில் டெபியன் 12 (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்), எக்ஸிம் 4.96 (அஞ்சல் மென்பொருள்) ஓடுகின்றன. அப்டேட்களைத் தவறாமல் போடுகிறோம். செக்யூரிட்டி ஆடிட்டில் நான்கு குறைகள் சொல்லியிருக்கிறார்கள்: சி.வி.இ-2023-42115 (பொதுப் பட்டியலில் எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை) 'கிரிட்டிக்கல்', சர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் கொடுக்கும் போர்ட் 25இல் டி.எல்.எஸ் என்ற மறைகுறியாக்கம் கட்டாயம் இல்லை, ஒரு முகவரி இருக்கிறதா என்று கேட்கும் வி.ஆர்.எஃப்.ஒய் கட்டளை திறந்திருக்கிறது, ஓப்பன் ரிலே (யார் அஞ்சலையும் யாருக்கும் கடத்திவிடுவது). "சொன்னதைச் செய்துவிட்டுப் போ" என்கிறார் மேலாளர். என்ன செய்யலாம்?
- வாசகர், ஈரோடு

பதில்: சொன்னதை அப்படியே செய்தால் உங்களுக்கு வரவேண்டிய அஞ்சலில் கொஞ்சம் வராமலே போகும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தோடு தனித்தனியாகப் பதில் கொடுங்கள்.

முதல் குறையில், இணைந்ததும் உங்கள் சர்வர் சொல்லும் 220 வரியில் 'எக்ஸிம் 4.96' என்று இருப்பதைப் படித்தே ஸ்கேனர் தீர்ப்பு எழுதியிருக்கும். திருத்தம் வந்த எக்ஸிம் பதிப்பு 4.96.1. ஆனால் டெபியன், பதிப்பு எண்ணை ஏற்றாமல், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்த்து வெளியிடும். இதற்கான திருத்தம் 2023 அக்டோபரிலேயே 4.96-15+டெப்12யு2 பேக்கேஜில் வந்துவிட்டது. டிபிகேஜி (பேக்கேஜ்களைக் கையாளும் கட்டளை) காட்டும் முழு எண், சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பேடு) அந்த சி.வி.இ இருக்கும் வரி, டெபியன் செக்யூரிட்டி டிராக்கர் பக்கம் ஆகிய மூன்றையும் இணையுங்கள். 'எக்ஸ்டெர்னல்' முறை லாகின் (கடவுச்சொல்லுக்குப் பதில் சான்றிதழ் போன்ற வெளி ஆதாரத்தை ஏற்பது) உங்கள் கான்ஃபிகில் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அந்த ஓட்டை அதில்தான் இருந்தது. 220 வரியிலிருந்து எண்ணை நீக்கி ஸ்கேனரின் வாயை அடைப்பவர்கள் உண்டு. நீங்கள் அனுப்பும் அஞ்சலின் 'ரிசீவ்டு' தலைப்பிலும் அதே எண் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவதை மறுத்துவிடுங்கள். 2002இல் வந்த ஆர்.எஃப்.சி 3207 என்ற இணைய நெறிமுறை ஆவணம், பொதுவில் அஞ்சல் வாங்கும் சர்வர் ஸ்டார்ட் டி.எல்.எஸ்ஸை (சாதாரண இணைப்பை டி.எல்.எஸ்ஸுக்கு மாற்றும் கட்டளை) கட்டாயமாக்கக் கூடாது என்றே சொல்கிறது. டி.எல்.எஸ் தெரியாத பழைய சர்வர் அனுப்பும் அஞ்சல் திரும்பிப் போய்விடும். கட்டாயம் வேண்டியது ஊழியர்கள் அஞ்சல் அனுப்பும் போர்ட் 587இல்தான். அங்கே டி.எல்.எஸ் தொடங்கும் முன் இ.எச்.எல்.ஓ (அறிமுகக் கட்டளை) பதிலில் 'ஆத்' (லாகின்) வரி தெரிந்தால் அது நிஜமான குறை, ஆடிட்டர் கேட்காவிட்டாலும் சரிசெய்யுங்கள்.

வி.ஆர்.எஃப்.ஒய்க்கு 252 என்ற பதில் எண் வந்தால் 'இருக்கிறாரா என்று சொல்ல மாட்டேன், அஞ்சலை அனுப்பிப் பார்' என்று பொருள். 250 வந்தால்தான் பெயர் வெளியே போகிறது. இதற்காகச் சண்டை வேண்டாம், மூடிவிடலாம். என்ன, பெறுநரைச் சொல்லும் ஆர்.சி.பி.டி கட்டளைக்கு வரும் 550 (மறுப்பு) பதிலை வைத்தே யாரும் முகவரி இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓப்பன் ரிலே விஷயத்தில், ஸ்கேனரை எந்த ஐ.பி.யிலிருந்து ஓட்டினார்கள் என்று முதலில் கேளுங்கள். அலுவலக நெட்வொர்க்குக்குள்ளிருந்து என்றால், ரிலே அனுமதிப் பட்டியலில் அந்த ஐ.பி இருந்திருக்கும். மொபைல் இணைப்பில் போர்ட் 25 பெரும்பாலும் அடைபட்டிருக்கும். எனவே வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரிலிருந்து சோதியுங்கள். அனுப்புநர், பெறுநர் இருவரும் வேறு டொமைனில் இருக்கட்டும். '550 ரிலே நாட் பெர்மிட்டட்' என்று வந்தால் அந்த உரையாடலை அப்படியே ஒட்டி அனுப்புங்கள். 250 (ஏற்பு) வந்தால் ஆடிட்டர் சொன்னதே சரி. பதில் எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டு ரிலே பட்டியலை முதலில் திருத்துங்கள்.