400 டி-ஷர்ட் ஆர்டரும் தைப்பவரின் கூலியும்: பெங்களூரு வாசகர் கேள்விகள்

கே: எங்கள் ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட் குடியிருப்புச் சங்கம் நடத்தும் ஓட்டத்துக்கு 400 டி-ஷர்ட் வேண்டும். 160, 210, 245 ரூபாய் என்று மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. 160 ரூபாய்க்குத் தருபவர் தொழிலாளர் வயிற்றில் அடித்துத்தானே தருவார்?

அப்படியே முடிவு கட்ட வேண்டாம். டி-ஷர்ட் செலவில் பெரும்பங்கு துணி. முதலில் மூவரும் ஒரே துணிக்குத்தான் விலை சொன்னார்களா என்று பாருங்கள். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) முழுப் பருத்தியா, 140 ஜிஎஸ்எம் பாலியஸ்டர் கலப்பா? பாதி வித்தியாசம் அதிலேயே தீர்ந்துவிடும். துணி ஒன்றாக இருந்தும் 85 ரூபாய் இடித்தால், அப்போது கேள்வி கேட்கலாம்.

கேட்க வேண்டியது: வெட்டுவது எங்கே, தைப்பது எங்கே, பிரிண்ட் எங்கே, பிசிறு வெட்டிப் பேக் செய்வது எங்கே. நான்குக்கும் தனித்தனி முகவரி. கொட்டேஷன் கொடுப்பவர் பல சமயம் வெறும் ஏஜெண்ட். பீன்யாவில் ஆபீஸ் வைத்துக்கொண்டு திருப்பூரில் தைக்கக் கொடுப்பார். அதில் தப்பில்லை, முகவரி சொல்ல மறுத்தால்தான் தப்பு.

தையல் யூனிட்டின் பெயர் கிடைத்ததும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) நிர்வாகத்தின் இபிஎஃப்ஓ தளத்தில் நிறுவனத் தேடல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டினார்கள் என்பது தெரியும். '80 மிஷின் ஓடுது சார்' என்றவர் 14 பேருக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார் என்றால், மீதிப் பேர் யார் கணக்கில் என்று கேளுங்கள். கான்ட்ராக்டர் தன் பெயரில் உள்ள பி.எஃப். கோடு எண்ணில் கட்டியிருக்கலாம். அப்படியானால் அந்த எண்ணையும் வாங்கிப் பாருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். கட்டாயம், 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு வேண்டும். இது ஏதோ காகிதச் சடங்கு என்று நினைக்காதீர்கள். பி.எஃப். பணத்தை எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, 2016 ஏப்ரலில் இதே பெங்களூரின் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இறங்கி நகரையே நிறுத்தினார்கள், அரசு பின்வாங்கியது. அவர்களில் பலருக்கு ஒரே சேமிப்பு அதுதான்.

பர்ச்சேஸ் ஆர்டரில் இரண்டு வரி சேருங்கள்: எழுத்துமூல அனுமதி இல்லாமல் தையலை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அந்த இடத்தின் முகவரி தர வேண்டும்.

இனி உங்கள் பக்கம். ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது 'இன்னும் 35 எக்ஸெல் சைஸ்' என்று கேட்காத சங்கம் பெங்களூரில் உண்டா? பகல் ஷிப்டில் முடியாத வேலை இரவு ஓ.டி.க்குப் போகும். சட்டப்படி ஓ.டி.க்கு இருமடங்கு கூலி தர வேண்டும். அதைத் தவிர்க்க, வேலை பெயர்ப்பலகை இல்லாத ஏதாவது ஷெட்டுக்குப் பீஸ் ரேட்டில் (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில்) போய்விடும். அதனால் எட்டு வாரம் முன்பே துணியை முடிவு செய்யுங்கள். ஆறு வாரம் முன்பு சைஸ் பட்டியலைப் பூட்டிவிட்டு, வழக்கமான சைஸ்களில் 5 சதவீதம் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். சாம்பிள் வந்த இரண்டே நாளில் ஓகே சொல்லுங்கள், அதன் பிறகு லோகோவின் நிறத்தை மாற்றாதீர்கள். பணத்தையும் இழுக்காதீர்கள். பதிவு பெற்ற சிறு, குறு யூனிட்டுக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் சட்டம். ஸ்பான்சர் பணம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் மாதத்தில் அங்கே சம்பளம் தள்ளிப்போகும்.

கே: குழந்தைத் துணியில் ஓகோ-டெக்ஸ், காட்ஸ், எஸ்ஏ8000 என்று என்னென்னவோ போடுகிறார்கள். எதை நம்புவது? (அல்சூர் வாசகி)

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்ற சோதனை. குழந்தையின் தோலுக்கு நல்லது. தைத்தவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. காட்ஸ் ஆர்கானிக் முத்திரையில் தொழிலாளர் விதிகளும் உண்டு. லேபிளில் உரிம எண்ணும் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் இருக்க வேண்டும்; அந்த எண்ணை காட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இல்லாத முத்திரை வெறும் படம்.

எஸ்ஏ8000 என்பது தொழிலாளர் நிலைமைக்கான சான்றிதழ்; தொழிற்சாலைக்குத் தரப்படுவது, சட்டைக்கு அல்ல. 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை இந்தச் சான்றிதழை வாங்கியிருந்தது. ஆடிட்டர் வரும் தேதி பல சமயம் முன்பே தெரியும், பல இடங்களில் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் ஆலைதான். அன்றைக்கு மட்டும் கதவு திறந்திருக்கும், வருகைப் பதிவேடும் வேறாக இருக்கும்.

கே: பங்களாதேஷில் தைத்ததை வாங்காமல் விட்டால் போதாதா? (கோரமங்களா)

போதாது, சில சமயம் கெடுதலும் கூட. குழந்தை உழைப்பில் செய்த பொருளின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா 1992இல் அமெரிக்க செனட்டில் வந்தது. அது சட்டமாகும் முன்பே பயந்துபோன டாக்கா ஆலைகள் ஏறத்தாழ 50,000 சிறுவர் சிறுமியரை வெளியே அனுப்பின. பலர் கல் உடைப்பது போன்ற இன்னும் மோசமான வேலைக்குப் போனதை யூனிசெஃப் பதிவு செய்தது. 1995இல் பள்ளியும் உதவித்தொகையும் சேர்த்து ஒப்பந்தம் போட்ட பிறகே நிலைமை சற்றுத் திருந்தியது.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில், ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு பலன் தந்தது, ஆலைக் கட்டடங்களின் பாதுகாப்புக்கான அக்கார்ட் என்ற ஒப்பந்தம். பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டார்கள், மீறினால் வழக்குப் போடலாம். நம் பக்கத்திலும் ஒன்று வந்தது. 2022இன் திண்டுக்கல் ஒப்பந்தம், பெண் தொழிலாளர் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்க ஹெச் அண்ட் எம் பிராண்ட், ஆலை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் முதலியவை சேர்ந்து போட்டது. சான்றிதழை விட இத்தகைய ஒப்பந்தத்துக்கே நாங்கள் அதிக மதிப்பெண் போடுவோம்.

கே: கமர்ஷியல் ஸ்ட்ரீட் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்கலாமா?

வாங்குங்கள். ரிஜெக்ட் ஆகும் என்று ஆலைகள் ஆர்டருக்கு மேல் சில சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். மிஞ்சியதுதான் பிராண்ட் லேபிளைப் பாதியில் வெட்டிக் கடைக்கு வருகிறது. அக்குள் தையலையும் காலரையும் பார்த்து எடுங்கள். இதனால் யாருடைய கூலியும் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

கே: தனி ஆளாக ஒரு பிராண்டைக் கேட்டால் பதில் வருமா?

பொதுவாகக் கேட்டால் 'எங்களிடம் நடத்தை விதிகள் உள்ளன' என்று ஒரு ரெடிமேட் பதில் வரும். டேக்கில் உள்ள தயாரிப்பாளர் பெயரை ஓபன் சப்ளை ஹப் தளத்தில் தேடுங்கள்; எந்தெந்த பிராண்டுகள் அந்த ஆலையைத் தங்கள் பட்டியலில் காட்டியிருக்கின்றன என்று வரும். வாடிக்கையாளர் மின்னஞ்சல் முகவரி டேக்கிலேயே இருக்க வேண்டும். அதற்கு மூன்றே கேள்வி அனுப்புங்கள்: இந்த ஆலை உங்கள் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறதா? தொழிற்சங்கத்தோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உண்டா? ஆர்டர் கொடுத்த பின் ரத்து செய்தால் அதுவரை ஆன செலவை யார் ஏற்பது? 2020 மார்ச்சில் பெரிய பிராண்டுகள் பல, தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றபோது சம்பளம் இழந்தவர்கள் தையல்காரர்கள். அதனால் மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் மறுபடியும் எழுதுங்கள்.

தெருவில் உள்ள யூனிட்டில் சிறுவர்கள் வேலை செய்வதைப் பார்த்தால், வீடியோ எடுத்துப் பகிராமல் உடனே 1098க்குச் சொல்லுங்கள்; முகம் வெளியே போனால் முதலாளி ராத்திரியே குழந்தைகளை இடம் மாற்றிவிடுவார்.