ஒரே ஓட்டைக்கு எத்தனை இஷ்யூ?

கேள்வி: எங்கள் ரெப்போக்களில் (நிரல் களஞ்சியங்களில்) பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர்களான ட்ரிவியும் (பேக்கேஜ்களுக்கு) செம்கிரெப்பும் (நாங்கள் எழுதிய குறியீட்டுக்கு) தினமும் இரவு ஓடுகின்றன. முடிவுகளைக் கிட்ஹப் இஷ்யூக்களாக (செய்ய வேண்டிய வேலைக்கான பதிவுகளாக) மாற்ற ஒரு சின்ன ஆப் எழுதினேன். ஒரே மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்று மூடியது நாளை மறுபடி முளைக்கிறது. குழுவில் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எதை மாற்றலாம்?

பதில்: இஷ்யூ உருவாக்க ஓர் ஏபிஐ அழைப்பு போதும், அரை நாள் வேலை. "இதை ஏற்கெனவே பார்த்துவிட்டோமா?" என்பதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்தான் கஷ்டமே இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்கள் ஆப் தலைப்பையோ வரி எண்ணையோ வைத்துத்தான் இதை முடிவு செய்கிறது என்று தோன்றுகிறது.

செம்கிரெப் பக்கம் முதலில். கோப்பின் தலையில் யாரோ ஓர் இம்போர்ட் வரியைச் சேர்க்கிறார். கீழே உள்ளதெல்லாம் ஒரு வரி நகர்கிறது. வரி எண்ணை அடையாளமாக வைத்திருந்தால், அந்தக் கோப்பின் ஓட்டைகள் எல்லாம் புதியவையாகத் தெரியும். ஓட்டையைக் கண்டுபிடித்த விதியின் பெயர், கோப்பின் பாதை, இடைவெளிகளை நீக்கிய அந்தத் துண்டுக் குறியீடு ஆகிய மூன்றையும் சேர்த்து ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறுகிய அடையாளக் குறி) எடுங்கள். அதே துண்டு அதே கோப்பில் இரண்டு முறை வந்தால் எத்தனையாவது என்பதையும் சேருங்கள். ஸ்கேனர்கள் முடிவுகளைத் தரும் பொது வடிவமான ஸாரிஃபில் இதற்கென்றே கைரேகைப் புலம் ஒன்று இருக்கிறது. ஸ்கேனர் அதை நிரப்பித் தந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பேக்கேஜ் ஓட்டைகளில் தலைவலி வேறு மாதிரி. டெபியன் லினக்ஸ் கன்டெய்னர் இமேஜ் ஒன்றை ஸ்கேன் செய்தால், குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லில் உள்ள ஒரே சிவிஇ (பொதுவில் எண்ணிட்டுப் பதிவான ஓட்டை), ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜுக்கு ஒரு முறையும் லிப்எஸ்எஸ்எல்3-க்கு ஒரு முறையும் வரும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேஸ் இமேஜை (மற்றதெல்லாம் மேலே கட்டப்படும் அடித்தள இமேஜை) புதுப்பிப்பது. ஆகவே ஓட்டைக்கு ஓர் இஷ்யூ என்று வைக்காதீர்கள், செய்ய வேண்டிய வேலைக்கு ஒன்று என்று வையுங்கள். "பணம் செலுத்தும் சேவையின் பேஸ் இமேஜைப் புதுப்பி" என்று தலைப்பு, உள்ளே சிவிஇக்களின் பட்டியல். டெவலப்பர் திறந்து பார்ப்பது இப்படிப்பட்ட இஷ்யூவைத்தான்.

அதற்காக, திருத்தம் உள்ள வெர்ஷனைத் தூக்கி அடையாளத்தில் போட்டுவிடாதீர்கள். 2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஜாவா பதிவு நூலகமான லாக்4ஜே-வின் சிவிஇ-2021-44228-க்கு 2.15.0 போதும் என்றார்கள். சில நாளில் 45046 வந்தது, 2.16.0-க்குப் போகச் சொன்னார்கள். அப்புறம் 45105, அதற்கு 2.17.0. வெர்ஷனை அடையாளமாக வைத்திருந்தால் பத்து நாளுக்குள் ஒரே வேலைக்கு மூன்று இஷ்யூ திறந்திருக்கும். ரெப்போவும் பேக்கேஜும் அடையாளமாக இருக்கட்டும். போக வேண்டிய வெர்ஷன் அதே இஷ்யூவில் மாறிக்கொண்டிருக்கட்டும்.

அடையாளத்தை உங்கள் சொந்த டேபிளில், தனித்துவக் கட்டுப்பாட்டுடன் (ஒரே அடையாளம் இரு முறை பதிவாகாதபடி) வையுங்கள். கிட்ஹப் தேடலை நம்பாதீர்கள்: புதிய இஷ்யூ தேடலில் தெரியக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் இன்னொரு ஜாப் அதையே மறுபடி உருவாக்கிவிடும். இஷ்யூவின் உள்ளேயும் அந்த அடையாளத்தைக் கண்ணுக்குத் தெரியாத குறிப்பாகப் போட்டுவையுங்கள். டேட்டாபேஸ் போய்விட்டால் மீட்டெடுக்க உதவும்.

மூடுவது திறப்பதைவிட ஆபத்தானது. ஸ்கேனரால் ஒரு நாள் ஓட்டைத் தரவுத்தளத்தை இறக்க முடியவில்லை, முடிவு காலியாக வந்தது, ஆப் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று அத்தனையையும் மூடிவிட்டது. இது நடக்கக்கூடியதுதான். ஸ்கேன் வெற்றியாக முடிந்ததா, அதே இலக்கைத்தான் பார்த்ததா என்று உறுதியான பிறகே மூடுங்கள். நானாக இருந்தால் அடுத்தடுத்து இரண்டு ஸ்கேன்களில் காணாமல் போன பிறகுதான் மூடுவேன். மனிதர் மூடியதை ஆப் தானாகத் திறக்கக் கூடாது. "இந்த அபாயத்தை ஏற்கிறோம்" என்று காரணமும் காலாவதித் தேதியும் எழுதி மூடட்டும், அந்தத் தேதி வந்ததும் திறக்கலாம்.

இப்போது குவிந்திருக்கும் ஆயிரத்தை என்ன செய்வது? மொத்தமாக மூடிவிட்டு, இன்றைய நிலையை அடிப்படையாகப் பதிவு செய்துகொண்டு, இனி புதிதாக வருவதற்கு மட்டும் இஷ்யூ போடுங்கள். பழையவற்றில், அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா 2021 முதல் வெளியிடும் "உண்மையில் தாக்கப்படும் ஓட்டைகள்" பட்டியலில் இருப்பவற்றுக்கு உடனே இஷ்யூ போடுங்கள். மற்றவற்றை இபிஎஸ்எஸ் மதிப்பெண்படி வரிசைப்படுத்துங்கள். அடுத்த 30 நாளில் ஓர் ஓட்டை தாக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்லும். ஓட்டையின் கடுமையை மட்டும் அளக்கும் சிவிஎஸ்எஸ் எண்ணைப் பார்த்தால் பலவும் "அவசரம்" என்றே தெரியும். வேகத்திலும் கவனம்: கிட்ஹப்பில் இப்படி உருவாக்கும் அழைப்புகளுக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 80, மணிக்கு 500 என்று வரம்பு உண்டு.

இடையில் ஒன்று: மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் டிஃபெக்ட்டோஜோ என்ற ஓட்டை நிர்வாகக் கருவியை ஒருமுறை நிறுவிப் பாருங்கள். நகல் நீக்கமும் ஜிரா (வேலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) இணைப்பும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் ஜிராவுக்கு மாறும் எண்ணத்தில் இருந்தால் சொந்த ஆப் தேவையே இல்லாமல் போகலாம்.

குறியீட்டில் தவறிச் சேர்ந்த கடவுச்சொல், சாவி போன்ற ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸ் போன்ற கருவியையும் பின்னால் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது அது கண்டுபிடித்த சாவியை இஷ்யூவில் அப்படியே ஒட்டாதீர்கள். கோப்பும் வரியும் போதும். ஒட்டிவிட்டால் திருத்தி அழிப்பது உதவாது: திருத்த வரலாற்றில் பழையது இருக்கும், அறிவிப்பு மின்னஞ்சலும் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். உடனே சாவியை மாற்றுவதுதான் வழி. ரெப்போ பொதுவில் இருந்தால், சாவி மட்டுமல்ல, எந்த ஓட்டையையும் அங்கே இஷ்யூவாகப் போடாமல் வெளியார் பார்க்க முடியாத தனி ரெப்போவுக்கு அனுப்புங்கள்.