புதிய கட்சி: பதிவையும் அங்கீகாரத்தையும் முகவரிடம் வாங்க முடியுமா?

கேள்வி: இடதுசாரி, வலதுசாரி என்ற பிரிவினைக்குள் சிக்காமல், கல்வி, மருத்துவம், மின்சாரம் ஆகியவை சாமானியருக்குக் கிடைக்க வேண்டும் என்பதை முன்வைத்து ஒரு கட்சியைத் தொடங்க மூன்று வாரங்களுக்கு முன் தீர்மானம் நிறைவேற்றினோம். ஆம் ஆத்மி கட்சியே எங்களுக்கு முன்மாதிரி. மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தால் பதிவு, அங்கீகாரம், நிலையான சின்னம் மூன்றையும் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். ஏற்கெனவே பதிவான ஒரு கட்சியை எங்கள் பெயருக்கு மாற்றித் தரவும் முடியும் என்கிறார். முன்பணமும் கொடுத்துவிட்டோம். இதை நம்பலாமா? எங்கள் கொள்கைக்குத் தேர்தல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டுமா?

பதில்: நம்ப வேண்டாம். பதிவு என்பதும் அங்கீகாரம் என்பதும் வெவ்வேறு. பதிவை உங்களால் நேரடியாகவே பெற முடியும். மாநிலக் கட்சி, தேசியக் கட்சி என்ற தகுதியைத் தரும் அங்கீகாரத்தை வாக்காளரைத் தவிர வேறு யாராலும் தர முடியாது. இரண்டையும் ஒரே விலைக்குள் அடக்கிப் பேசுகிற முகவர், விற்க முடியாத ஒன்றை உங்களிடம் விற்கிறார்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவின்படி, கட்சி தொடங்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பம் டெல்லியில் உள்ள தேர்தல் ஆணையத்துக்குச் சென்று சேர வேண்டும். உங்களிடம் எஞ்சியிருப்பது ஒரு வாரம்தான். கட்டணம் 10,000 ரூபாய். அதை டிமாண்ட் டிராஃப்டாகச் செலுத்த வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள குறைந்தது 100 உறுப்பினர்கள், தாங்கள் வேறு எந்தப் பதிவு பெற்ற கட்சியிலும் உறுப்பினர் அல்லர் என்று தனித்தனியே பிரமாணப் பத்திரம் தர வேண்டும். கட்சியின் சட்டவிதிகளில், அரசியலமைப்புச் சட்டத்துக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கும் உண்மையாக இருப்போம் என்றும், நாட்டின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் ஒருமைப்பாட்டையும் காப்போம் என்றும் உறுதிமொழி இடம்பெற வேண்டும். உட்கட்சித் தேர்தல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதையும் எழுத வேண்டும். அந்த இடைவெளி ஐந்தாண்டுக்கு மேல் போகக் கூடாது. பிறகு நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். இதில் முகவர் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் பத்திரங்களைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும்.

உங்கள் கொள்கைக்கு ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. மேலே சொன்ன உறுதிமொழிக்கு அப்பால் அது கொள்கையை எடைபோடுவதில்லை. டெல்லியில் 200 யூனிட் வரை இலவச மின்சாரம், வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசத் தண்ணீர், மொகல்லா கிளினிக்குகள் எனப்படும் குடியிருப்புப் பகுதி இலவச மருத்துவ நிலையங்கள் என்று ஆம் ஆத்மி முன்வைத்தவற்றைப் போல நீங்களும் வாக்குறுதி தரலாம். ஆனால் 2013-இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் இலவசங்கள் குறித்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வாக்குறுதிகளுக்கான நிதி எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தல் அறிக்கையில் சுட்டிக்காட்ட வேண்டும் என்று நெறிமுறை வகுக்கப்பட்டுள்ளது.

இனி அங்கீகாரம். சட்டமன்றத் தேர்தலில் 6 சதவீத வாக்குகளுடன் இரண்டு உறுப்பினர்கள், அல்லது சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் ஒன்றில் உறுப்பினரே இல்லாவிட்டாலும் மாநிலத்தில் 8 சதவீத வாக்குகள் என்பவை மாநிலக் கட்சியாவதற்கான முக்கியமான வழிகள். 8 சதவீத வழி 2011-இல்தான் சேர்க்கப்பட்டது. 2006-இல் தேமுதிக தமிழ்நாட்டில் 8 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பெற்றும், ஒரே ஓர் இடத்தில் வென்றதால் அங்கீகாரம் பெறவில்லை. உங்கள் முன்மாதிரியும் வாக்குகளின் வழியாகத்தான் வந்தது. 2012 நவம்பரில் தொடங்கிய ஆம் ஆத்மி, 2013 டிசம்பரில் டெல்லியின் 70 இடங்களில் 28-ஐ வென்ற பிறகே மாநிலக் கட்சியானது. 2015-இல் 67 இடங்கள், 2022-இல் பஞ்சாபில் 92 இடங்கள் என்று வளர்ந்து, 2023 ஏப்ரலில் தேசியக் கட்சியானது. 2025-இல் டெல்லியில் 22 இடங்களுக்குச் சுருங்கியது. ஏறினாலும் இறங்கினாலும் அளவுகோல் வாக்குதான்.

சின்னத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ளாத புதிய கட்சிகள்தான் முகவர்களிடம் போய்ச் சிக்குகின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது; ஆனால் 1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணையின் 10ஆ பத்தியின் கீழ், ஒரு பொதுத்தேர்தலுக்கு மட்டும் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே சின்னத்தைக் கேட்கலாம். சட்டமன்றத் தேர்தல் என்றால் மொத்தத் தொகுதிகளில் 5 சதவீதத்திலாவது, அதாவது தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12 தொகுதிகளில், போட்டியிட வேண்டும். சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முதலில் கேட்டவருக்கே முதலில் கிடைக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி, பல ஆண்டுகள் மக்கள் மனத்தில் பதியவைத்த கரும்பு விவசாயி சின்னத்தை, முந்தி விண்ணப்பித்த வேறொரு கட்சியிடம் இழந்து, மைக் சின்னத்தில் நின்றது. அப்படி நின்றும் 8 சதவீதத்தைத் தாண்டி அங்கீகாரம் பெற்றது என்பது அக்கட்சியின் உழைப்பு. ஆனால் விண்ணப்பம் தாமதமாவதால் வரும் இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்கும் அதுவே சான்று. இரண்டு முறை இந்தச் சலுகையைப் பெற்ற கட்சி, கடைசியாகப் பெற்ற தேர்தலில் 1 சதவீத வாக்காவது பெற்றிருந்தால்தான் மீண்டும் கேட்க முடியும். ஆண்டுக் கணக்கும் நன்கொடை அறிக்கையும் நிலுவையில் இருந்தாலும் கேட்க முடியாது.

இந்த இடத்தில்தான், பழைய கட்சியை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும் யோசனை ஆபத்தாகிறது. அந்தக் கட்சியின் தாக்கல் செய்யாத கணக்குகளும் வருமான வரி நோட்டீசுகளும் உங்கள் தலையில் விழும். காசோலையாக நன்கொடை வாங்கி, கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்து, வரிவிலக்குச் சான்று வழங்குவதற்காகவே சில பெயரளவுக் கட்சிகள் நடத்தப்பட்டன. 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை இத்தகைய கட்சிகளைச் சோதனையிட்டது. ஆறு ஆண்டுகளாக எந்தத் தேர்தலிலும் நிற்காத கட்சிகளில் 334-ஐ 2025 ஆகஸ்டிலும், 474-ஐ செப்டம்பரிலும் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. பதிவு செய்யும் அதிகாரத்தைத் தந்த சட்டம், பதிவை ரத்து செய்யும் அதிகாரத்தை வெளிப்படையாகத் தரவில்லை. மோசடி போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் கூறிவிட்டது. அந்த அதிகாரத்தைத் தரும்படி ஆணையம் பலமுறை கேட்டும் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தவில்லை. செயல்படாத கட்சிகள் இத்தனை ஆண்டுகள் குவிந்து கிடந்ததும், அவற்றை விலைபேச ஆட்கள் முளைத்ததும் அந்த அலட்சியத்தின் விளைவே. நேர்மையாகக் கட்சி தொடங்குபவரிடம் நூறு பிரமாணப் பத்திரங்கள் கேட்கும் முறை, கடையை மூடிவிட்டுப் பெயரை மட்டும் விற்பவரைக் கேள்வி கேட்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

முன்பணத்தைத் திருப்பித் தரும்படி இன்றே, சென்று சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் எழுதுங்கள். உறுப்பினர்களின் வாக்காளர் அட்டை நகல்களோ, கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரங்களோ அவரிடம் இருந்தால், பணத்துக்கு முன்பாக அவற்றைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தை நேரில் கொடுக்க ஒருவர் டெல்லிக்குப் போவது நல்லது. இந்த ஒரு வாரத்தில் தபாலை நம்பியிருக்க வேண்டாம்.