ஜுவல் ஆர்க்கிட் உயராது, ஊரும்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் மூன்று இலையோடு ஒரு லுடிசியா டிஸ்கலர் வாங்கினேன். மண்ணில் வளரும் ஜுவல் ஆர்க்கிட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். புத்தக அலமாரியின் நடுத்தட்டில், ஓர் அடி உயர இடைவெளியில் வைத்திருக்கிறேன். இதுவரை ஐந்து புது இலை வந்திருக்கிறது. ஆனால் அடியில் இருந்த இரண்டு இலை பழுத்து உதிர்ந்துவிட்டன. செடி வளர்கிறதா, தேய்கிறதா என்றே தெரியவில்லை. வீட்டுக்குள் இது எவ்வளவு பெரிதாகும்? எத்தனை வருடம் ஆகும்?

பதில்: வளர்கிறது, நன்றாகவே வளர்கிறது. எட்டு மாதத்தில் ஐந்து இலை என்றால் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று. வீட்டு வெளிச்சத்தில் ஓர் ஒற்றைத் தண்டு கொடுக்கக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு போனாலும் கையில் ஆறு இலை இருக்கிறதே!

நீங்கள் தடுமாறுவது உயரத்தைப் பார்ப்பதால்தான் என்று நினைக்கிறேன். இந்தச் செடியின் தண்டு மண்மேல் படுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்துபோகும். நுனி மட்டும் தலையைத் தூக்கி நிற்கும். நுனியில் புது இலை விரிய விரிய, பின்னால் இருக்கும் மூத்த இலை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அதனால் ஒரு தண்டில் எப்போது பார்த்தாலும் நாலு முதல் ஏழு இலைதான் இருக்கும். பத்து வருடச் செடியிலும் அதே கதைதான். இலை உதிர்ந்த வெற்றுத் தண்டை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். பக்கத்தளிர் வருவது அந்தக் கணுக்களிலிருந்துதான்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். முதிர்ந்த இலை 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளம். இலைக் கூட்டத்தின் உயரம் மண்ணிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர். பூத்தண்டு எழும்போது மொத்தம் 30 சென்டிமீட்டர் வரை போகும். ஆகவே உங்கள் அலமாரியில் இலைக்கு இடம் உண்டு, பூவுக்கு இல்லை. தொட்டியின் உயரத்தையும் சேர்த்தால் மொட்டு மேல்தட்டில் முட்டும். அகலத்துக்கு மட்டும் வரம்பு கிடையாது. தொட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவு பரவும், அப்புறம் விளிம்பைத் தாண்டித் தொங்கும்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். என் செடியின் கணக்கை அப்படியே தருகிறேன். மூன்று கணு கொண்ட ஒரு தண்டுத் துண்டில் தொடங்கினேன். இலை விரியும் தேதியை எல்லாம் தொட்டியில் செருகிய பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் குறித்து வைத்தேன். வேர் பிடிக்கவே எட்டு வாரம் ஆனது. முதல் வருடம் ஏழு இலை, அவ்வளவுதான். இரண்டாம் வருடம் அடிக்கணுவிலிருந்து இரண்டு கிளை வந்தன. மூன்றாம் வருடம் 15 சென்டிமீட்டர் தொட்டி நிறைந்து முதல் பூ வந்தது. பூத்த நுனி அதோடு நின்றுவிட்டது. அதைப் பார்த்துக் கலங்கிப்போனேன். ஆனால் இரண்டே மாதத்தில் அதே தண்டின் கீழ்க்கணுக்களில் மூன்று பச்சைக் குமிழ் தெரிந்தன. பூப்பது அந்த நுனிக்கு முடிவு, செடிக்கு அல்ல. அதற்குப் பிறகு வளர்ச்சி வட்டிக்கு வட்டி போல ஏறியது. ஐந்தாம் வருடம் 25 சென்டிமீட்டர் அகலத் தட்டில் பதினான்கு நுனிகள் இருந்தன. ஒவ்வொரு நுனியின் வேகமும் முதல் வருடத்து வேகம்தான். எண்ணிக்கை கூடியதால்தான் செடி திடீரென்று பெரிதானதுபோல் தெரிந்தது.

செடி சுகமாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி, இரண்டு கணுவுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்ப்பது. என் செடியில் அது 2 சென்டிமீட்டருக்கு அருகில் இருக்கும். அந்த இடைவெளி நீண்டுகொண்டே போய், இலை சிறுத்துக்கொண்டே வந்தால் அது வளர்ச்சி இல்லை, வெளிச்சம் தேடும் தவிப்பு. அலமாரியின் நடுத்தட்டு என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. காட்டு நிழலில் வாழும் செடி என்பதற்காக இருட்டில் வைக்க வேண்டாம். காலை வெளிச்சம் வரும் ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். நேர் வெயில் பட்டால் மெரூன் நிறம் வெளுத்து, செம்பு நரம்புகள் மங்கிப்போகும்.

புது இலை வருவதைக் கிட்டே போய்ப் பாருங்கள். முதலில் நுனியில் ஊசிபோல ஒரு சுருள். அது நாலைந்து நாளில் தடித்து, ஒரு பக்கமாகப் பிரிந்து, கூம்பாகி, பிறகு மெதுவாகத் தட்டையாகும். அன்றைக்கு நிறம் வெளிறித்தான் இருக்கும். வெல்வெட் கருமை ஏற இன்னும் இரண்டு வாரம் வேண்டும். அதே சமயம் கீழே ஒரு கணுவில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு தடித்த வேர் மண்ணைத் தேடி இறங்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், வேரின் ரோமம் அது.

தொட்டி ஆழமாக வேண்டாம், அகலமாக வேண்டும். வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கும். ஆழத்தொட்டியின் அடியில் ஈரம் தங்கினால் தண்டு கண்ணாடிபோல் ஊறி அழுகிவிடும். மேல்மண் தொட்டுப் பார்த்து லேசாக உலர்ந்தால் தண்ணீர் விடுங்கள், போதும்.

கேள்வி: உரம் கூட்டினால் சீக்கிரம் தொட்டி நிறையுமா?

பதில்: நிறையாது. இலை நுனிதான் கருகும். திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்காகக் கரைத்து, புது இலை வந்துகொண்டிருக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை விடலாம். வேகம் வேண்டுமானால் தண்டைக் கிள்ளித் துண்டுகளாக அதே தொட்டியில் நடுங்கள். ஒருமுறை தொட்டியை நகர்த்தும்போது தொங்கிய தண்டு ஒன்று மளுக்கென்று ஒடிந்து விழுந்தது. மனசே ஆறவில்லை. அதை மூன்றாக வெட்டி, வெட்டிய இடம் ஒரு நாள் உலர்ந்தபின் ஈரமான தேங்காய் நார்த்தூளில் படுக்க வைத்தேன். மூன்றும் பிழைத்தன.

கேள்வி: மாகோடஸ் பெடோலா என்ற இன்னொரு ஜுவல் ஆர்க்கிட்டும் இதே அளவுக்கு வருமா?

பதில்: அது இன்னும் சிறிது, இன்னும் நிதானம். இலையில் மின்னல் கோடுகள் போட்ட அழகி. ஆனால் காற்றில் 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால்தான் முகம் மலரும். மூடிய கண்ணாடிப் பெட்டி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் லுடிசியாவோடு இரண்டு வருடம் பழகுங்கள்.