எழுத்தே இல்லாத படக்கதையை எப்படி வாசித்துக் காட்டுவது?

வணக்கம். ஜான் ஹேரின் 'ஃபீல்ட் ட்ரிப் டு த மூன்' (2019) நூலில் வாசிக்க எழுத்தே இல்லாததால், உங்கள் ஐந்து வயது மகள் இரண்டே நிமிடத்தில் புரட்டி முடித்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்களே கதை சொல்லத் தொடங்கிவிடாமல், பக்கத்துக்கு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். நிலவுக்குச் சுற்றுலா வந்த வகுப்பிலிருந்து விலகி, பூமியை வரைந்தபடியே தூங்கிப்போன பிள்ளையை விட்டுவிட்டு மஞ்சள் விண்கலம் கிளம்பும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். தலைக்கவசம் முகத்தை மறைப்பதால், அந்தப் பிள்ளைக்கு அச்சமா ஏமாற்றமா என்பதை உடலின் நிலையைப் பார்த்துத்தான் அவள் ஊகிக்க வேண்டும், அதுவே இந்நூலின் பெருஞ்சிறப்பு என்பேன். சாம்பல் நிற நிலவுவாசிகள் கிரேயான்களை எடுத்துக் கிறுக்கும் பக்கங்களில் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே பேசத் தொடங்கிவிடுவார்கள். மறுநாள் அவளையே உங்களுக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள்; கதை மாறினாலும் திருத்த வேண்டாம்.