கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இப்போது வரும் த்ரில்லர்கள் பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிட ட்விஸ்ட்டை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன. கொலைகாரன் யாரென்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் படம் பார்க்கவே தோன்றுவதில்லை. ரகசியம்தானே த்ரில்லரின் உயிர்? அது இல்லாமல் இந்த வகைப் படங்கள் வளர்ந்திருக்குமா?

ர.

அன்புள்ள ர.,

துப்பறியும் கதைக்கு ரகசியம் வேண்டும், சரி. த்ரில்லரின் மிகச் சிறந்த படங்கள் பல, அதை முன்கூட்டியே நம்மிடம் சொல்லிவிட்டவை.

சினிமா பேசத் தொடங்கிய காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' 1929இல் வந்தது. பலாத்காரம் செய்ய முயன்றவனை ஒரு பெண் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறாள். நமக்குத் தெரியும், அவள் பெற்றோருக்குத் தெரியாது. மறுநாள் காலை உணவின்போது, பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கொலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். பேச்சு மெல்ல மங்கி முணுமுணுப்பாகிறது. 'கத்தி' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாகக் காதில் விழுகிறது. ரொட்டி வெட்டக் கத்தியை எடுத்தவளின் கையிலிருந்து அது தெறித்து விழுகிறது. ஒலி கைக்கு வந்ததுமே அதைக் கொண்டு ஒருத்தியின் தலைக்குள் நம்மை நுழைத்துவிட்டார்! கொன்றது யாரென்று தெரியாமல் பார்த்தால் இந்தக் காட்சியில் என்ன இருக்கிறது?

ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் முதல் பேசும் படமான 'எம்' 1931இல் வந்தது. குழந்தைகளைக் கொல்பவனின் முகத்தை அவர் சீக்கிரமே காட்டிவிடுகிறார். அவன் ஒரு மெட்டை விசிலடிப்பான். அது கேட்டாலே, பக்கத்தில் எந்தக் குழந்தை நிற்கிறதோ என்று பதறுகிறோம். அவனை அடையாளம் கண்டுகொள்வதும் கண் தெரியாத ஒரு பலூன் வியாபாரிதான், அந்த மெட்டை வைத்து.

'வெர்டிகோ' (1958) இன்னும் துணிச்சலானது. மூல நாவல் கடைசிவரை மறைத்த ரகசியத்தை, நாயகி எழுதும் ஒரு கடிதத்தில் ஹிட்ச்காக் முன்பே உடைத்துவிட்டார். அதன்பிறகு நம் கவலை முழுக்க, நாயகனுக்கு இது தெரிந்தால் அவளை என்ன செய்வான் என்பதுதான்.

நம் பக்கத்தில் 'த்ரிஷ்யம்', பிறகு 'பாபநாசம்'. செத்தது யார், கொன்றது யார் என்று எல்லாம் பார்த்துவிட்டோம். கடைசிவரை மறைத்துவைப்பது ஒரே ஒரு விஷயத்தை. அது தெரிந்தவர்களும் விசாரணைக் காட்சிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

'எம்' கதையை நான் சொல்லிவிட்டேனே என்று விட்டுவிடாதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.